காரமடையில் வாங்கிய ஐந்து டயர்கள்

என் மகள் தன் கல்யாணத்துக்காக என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். புடவை, மண்டபம், சமையல்காரர் எல்லாவற்றையும் அவளும் அவள் அம்மாவும் போனிலேயே பேசி முடித்துவிட்டார்கள். என் கருத்து தேவைப்படும் இடம் எதுவும் மீதமிருப்பதாகத் தெரியவில்லை. அப்படி நான் நிம்மதியாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து கூப்பிட்டாள்.

“ஏனுங்ப்பா, நம்ம காரு ஓடுமுங்களா?”

எங்கள் வீட்டில் இரண்டு கார்கள் உண்டு. ஒன்று ஓடும். அவள் கேட்டது மற்றதை.

அது சுதந்திரத்துக்கு முன்பே கப்பலில் வந்து இறங்கிய வண்டி. உயரமாக, ஒல்லியாக, மழைக்குப் பயந்து வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெரிய மனிதரைப் போலிருக்கும். அன்னூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளையில், ஓலைக் கொட்டகைக்குள் நின்றிருந்தது; கோழிகள் அதில் குடியிருந்தன. முப்பத்தைந்து வயதில், அளவுக்கு மீறிப் புத்தகம் படித்தவர்களுக்கு வரும் துணிச்சலில், நான் அதை வாங்கினேன். பின்சீட்டில் பதினொரு முட்டைகள் இருந்தன. அவையும் விலையில் சேர்த்திதான் என்றார் தோட்டக்காரர். அந்த வியாபாரத்தில் நமக்கு உருப்படியாக வந்து சேர்ந்தவை அந்த முட்டைகள்தான் என்பது என் மனைவியின் கருத்து. இருபது வருடங்களாக அதை அவள் மாற்றிக்கொள்ளவில்லை.

மகள் இரண்டாம் வகுப்பு படித்தபோது அந்தக் காரில்தான் அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவேன். பாதி வழி கூட்டிப்போவேன் என்பதே சரி. மீதி வழியில் அவள் பின்னால் நின்று, புத்தகப்பையை முதுகில் மாட்டிக்கொண்டு, காரைத் தள்ளுவாள். ஏழு வயதுக் குழந்தை தள்ளுவதைப் பார்த்தால் ரோட்டில் போகிற நாலு பேர் வந்து தள்ளுவார்கள். அது எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது, வெளியில் பேசிக்கொண்டதில்லை.

“நான் அதுல போன தூரத்தைவிடத் தள்ளுன தூரந்தாங்ப்பா ஜாஸ்தி” என்றாள் போனில். “கல்யாணத்தன்னிக்காச்சும் தள்ளாம, ராணியாட்ட உள்ள உக்காந்து மண்டபத்துக்குப் போகோணும். முடியுமாங்ப்பா?”

“முடியும் கண்ணு” என்றேன். யோசிக்காமல் சொன்ன பதில்களைக் காப்பாற்றுவதற்குத்தான் என் பாதி வயது செலவாகியிருக்கிறது.

கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருந்தது. கணபதிப் பகுதியில் எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு மெக்கானிக் இருக்கிறார். என் வயதுதான். ஆனால் கைகளைப் பார்த்தால் அவர் இரண்டு ஆயுள் வாழ்ந்தவர் போலவும் நான் இன்னும் தொடங்கவே இல்லை போலவும் தோன்றும். அவர் வந்து காரைத் திறந்து பார்த்தார். எங்கள் பகுதியில் மூன்று வீட்டுக்கு ஒரு லேத் ஓடும். கிடைக்காத பாகம் என்று ஒன்றுமில்லை. காலையில் பழைய பாகத்தைக் கொடுத்தால் சாயங்காலம் புதிதாகக் கடைந்து தந்துவிடுவார்கள். எண்பது வயது எஞ்சின் மூன்று வாரத்தில் இருமி, செருமி, பிறகு ஓட ஆரம்பித்தது.

“எஞ்சின் கவலை வேண்டாமுங்க” என்றார் மெக்கானிக். “காலுதான் இல்லீங்க. ரப்பரை லேத்துல கடைய முடியாதுங்களே.”

நான்கு டயர்களும் என் குதிகால்களைப் போலவே வெடித்திருந்தன. ஐந்து இஞ்ச் அகலம், பத்தொன்பது இஞ்ச் ரிம். இந்த இரண்டு எண்களையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நான் கடை கடையாக இறங்கினேன்.

எங்கள் ஊரில் யாரும் எதற்கும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். முதல் கடையில், “பாத்துச் சொல்றேனுங்க, ஒரு வாரம் கழிச்சு வாங்க” என்றார்கள். இரண்டாவது கடையில் உட்கார வைத்து டீ கொடுத்து, “பக்கத்துக் கடையில கேட்டுப்பாருங்க, அவுங்ககிட்ட இருக்கோணும்” என்றார்கள். பக்கத்துக் கடையிலும் டீ கொடுத்து முதல் கடைக்கு அனுப்பினார்கள். ஒரு கடைக்காரர் சீட்டைப் பார்த்தவுடன் முகம் மலர்ந்து, “பத்தொன்பதுங்களா? இருக்குதுங்க!” என்று உள்ளேயிருந்து ஒரு சொகுசுக் காரின் டயரை உருட்டிக்கொண்டு வந்தார். ஆட்டுக்கல் அகலத்துக்கு இருந்தது. என் கார் அதன் உள்ளேயே படுத்துத் தூங்கலாம். இன்னொருவர் மோட்டார் சைக்கிள் டயரைக் கொண்டுவந்து, “நாலு வாங்கிக்குங்க, செரியாப் போயிரும்” என்றார். என் மனதைப் புண்படுத்தாமல் அனுப்ப அவர் கண்டுபிடித்த வழி அது என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் விளங்கியது.

ரிம்மையே மாற்றிவிடலாம் என்றார் மெக்கானிக். சின்ன ரிம் போட்டால் எந்த டயரும் சேரும். செய்துபார்த்தோம். அந்தப் பெரிய மனிதர் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடியே குழிக்குள் இறங்கி நிற்பது போலிருந்தது. வேண்டாம், கழற்றிவிடுங்கள் என்றேன்.

எனக்கு மதியத் தூக்கம் உண்டு. அந்த நாட்களில் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தால் டயர்கள் வந்தன. குருடி மலையிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி, சத்தமே இல்லாமல், பெரியநாயக்கன்பாளையம் தாண்டி, சோளக்காடுகளுக்கு நடுவே உருண்டு வரும். நான் வாசலில் சீட்டை நீட்டியபடி நிற்பேன். ஒவ்வொரு டயரும் என் முன்னால் வந்து ஒரு கணம் நின்று, சீட்டைப் படித்துப் பார்த்து, “பாத்துச் சொல்றேனுங்க” என்று சொல்லிவிட்டு மேலே உருண்டு போகும். கனவில்கூட ஒரு டயரும் என்னிடம் மரியாதை தவறி நடந்துகொண்டதில்லை.

கல்யாணத்துக்கு இருபது நாள் இருக்கும்போது காரமடைக்குப் பத்திரிகை வைக்கப் போனேன். கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு கடை வாசலில் அவை அடுக்கியிருந்தன. உயரமாக, ஒல்லியாக, புத்தம் புதிதாக. கறுப்பு என்றால் அதுதான் கறுப்பு. ஓடும் காரை நடுரோட்டிலேயே விட்டுவிட்டு இறங்கினேன். சீட்டை எடுத்து எண்களை ஒப்பிட்டேன். ஐந்து, பத்தொன்பது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தேன். விரலால் தடவிப் பார்த்தேன். மூன்று முறையும் அதே எண்கள்தான்.

அழகான கடை. மண்வெட்டிகள், மருந்தடிக்கும் மெஷின்கள். உத்தரத்திலிருந்து கயிறுகளும், மஞ்சள் குஞ்சம் வைத்த சலங்கைகளும் தொங்கின. காற்றில் அவை மெல்லக் கிணுகிணுத்தன. டயர் கடையை இத்தனை ரசனையாக வைத்திருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

“வாங்க, வாங்க. எத்தனைங்க வேணும்?” என்றார் கடைக்காரர்.

“அஞ்சுங்க.”

“அஞ்சுங்களா? ரெண்டு வண்டின்னாலும் நாலு போதுமுங்களே.”

“வண்டி ஒண்ணுதாங்க. நாலு மாட்டறதுக்கு. ஒண்ணு ஸ்டெப்னி.”

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “நெம்ப முன்னெச்சரிக்கையான ஆளுங்க நீங்க” என்றார்.

“கல்யாணத்துக்குங்க. பொண்ணை அதுல உக்கார வெச்சுத்தான் மண்டபத்துக்குக் கூட்டீட்டுப் போறோம்.”

“அட!” அவர் எழுந்தே நின்றுவிட்டார். “இந்தக் காலத்துல ஆருங்க அப்படிப் பண்றாங்க? இருங்க, இருங்க.” ஸ்டூல் போட்டு ஏறி, உத்தரத்திலிருந்து இரண்டு சலங்கை மாலைகளைக் கழற்றி என் கையில் வைத்தார். “இது என்ற மொய்யின்னு வெச்சுக்குங்க. கட்டிக் கூட்டீட்டுப் போங்க. சத்தம் கேட்டா ரோடே திரும்பிப் பாக்கோணும்.”

வாங்கிக்கொண்டேன். கண்கூட லேசாகக் கலங்கியது. கார் என்றால் என்னவென்று தெரிந்த ஒரு மனிதர் இந்த உலகத்தில் காரமடையில் இருக்கிறார் என்று நினைத்தபடி, பின்சீட்டில் மூன்றும் டிக்கியில் இரண்டுமாக ஏற்றிக்கொண்டு, ரப்பர் வாசனையில் மிதந்துகொண்டு ஊர் திரும்பினேன்.

மெக்கானிக் டயர்களை இறக்கிவைத்தார். ஒன்றை எடுத்து நிறுத்தி மெதுவாகச் சுற்றினார். சுற்றுவதை நிறுத்தினார். ஓரிடத்தில் கட்டை விரலை வைத்தார்.

“எங்கீங்க வாங்குனீங்க?”

“காரமடையில.”

“அப்படீங்களா.” மறுபடி சுற்றினார். “நல்ல டயருங்க. நெம்ப வருசம் உழைக்குமுங்க.” கொஞ்சம் கழித்து, “மெதுவாத்தான போவீங்க?”

“கல்யாண வண்டிதானுங்க. மெதுவாத்தான்.”

“மெதுவான்னா?”

“மெதுவா.”

“அப்பச் செரிங்க” என்று மாட்ட ஆரம்பித்தார்.

தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பினோம். வாசல்களில் நின்றவர்கள் காரைப் பார்த்தார்கள், குனிந்து சக்கரத்தைப் பார்த்தார்கள், நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். “நல்லா இருக்குதுங்க” என்றார்கள். அத்தனை பேருக்கும் என் சந்தோஷம் தொற்றிக்கொண்டது என்றே நினைத்தேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் நாலு மணிக்குப் பெண்ணை அழைத்துப்போக மாப்பிள்ளையின் அப்பா வந்தார். அவருக்குக் காரமடைக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பும் வாழையும் உண்டு. அதிகம் பேசமாட்டார். ஆறு மணிக்குள் பெண் பெரியநாயக்கன்பாளையம் மண்டபத்தில் இருக்கவேண்டும் என்பது ஏற்பாடு. பதினான்கு கிலோமீட்டர். அரை மணி நேர வேலை. மகள் மெரூன் பட்டில், தலை நிறையப் பூவோடு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் அவள் அம்மா. முன்னால் பானட்டில் சலங்கை மாலைகள் கட்டியிருந்தன. எங்களுக்குப் பின்னால் ஏழு கார்கள்.

சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கவேண்டும். “குடுங்க சம்பந்தி, நானே வெச்சர்றேன்” என்று பழங்களை வாங்கிக்கொண்டு அவர் குனிந்தார்.

முன் சக்கரத்தில் குனிந்தவர் நிமிரவில்லை. முட்டியில் பிடிப்பு போலிருக்கிறது என்று நினைத்தேன். பிறகு எழுந்து அடுத்த சக்கரத்துக்குப் போனார். அங்கேயும் அப்படியே. நான்கையும் முடித்துவிட்டு, பின்னால் மாட்டியிருந்த ஸ்டெப்னியையும் போய்ப் பார்த்தார். கைகளைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்து, வேப்பமரத்துப் பக்கம் தள்ளிக் கூட்டிப்போனார்.

“டயரு காரமடையில வாங்குனீங்களா சம்பந்தி?”

“ஆமாங்க. எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?”

“நானும் அங்கதானுங்க வாங்குவேன்.”

“உங்ககிட்டயும் பழைய காரு இருக்குதுங்களா?” என்றேன் ஆவலாக.

“இல்லீங்க.” அவர் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “மாட்டு வண்டிக்குங்க.”

நான் திரும்பிப் போய், பட்டுவேட்டியோடு சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். ஐந்து, பத்தொன்பது என்று நான் மூன்று முறை சரிபார்த்த எண்களுக்கு நேர் கீழே, தெளிவான இங்கிலீஷில், கால்நடைகள் இழுக்கும் வண்டிகளுக்கு மட்டும் என்று ஒரு வரி வார்த்திருந்தது. நான் எதையும் படிக்காமல் விடாதவன். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தைக்கூட முழுக்கப் படிப்பவன். சுண்டல் மடித்த தாளைப் படித்துவிட்டு மீதிப் பக்கம் எங்கே என்று கடைக்காரரைக் கேட்டவன். இந்த ஒரு வரியைப் படிக்கவில்லை.

மெக்கானிக் தண்ணீர் கேன்களோடு நின்றுகொண்டிருந்தார்.

“உங்களுக்குத் தெரியுமுங்களா?”

“தெரியுமுங்க.”

“ஏனுங்க சொல்லலை?”

அவர் கேனைக் கீழே வைத்தார். “நீங்க டயரைக் கட்டிப்புடிச்சுட்டு வந்து எறங்குனீங்க. அந்த மொகத்தைப் பாத்துப்போட்டு எப்படிங்க சொல்றது? மெதுவாத்தான் போவேன்னு சொன்னீங்களா, செரின்னு உட்டுட்டேன்.”

தெருவைப் பார்த்தேன். வாசல்களில் நின்ற எல்லோரும் சட்டென்று வேறு பக்கம் பார்த்தார்கள். கணபதியில் ஒரு தெருவுக்கே தெரிந்திருக்கிறது.

“ஓடற காரு சும்மாத்தான நிக்குது. அதுல போயிரலாங்க” என்றாள் மனைவி உள்ளேயிருந்து. குரலில் கேலி இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

மகள் ஜன்னலில் தலையை நீட்டினாள். “என்னாச்சுங்ப்பா? தள்ளோணுமா?”

பதினாறு, பதினேழு வருடம் கழித்தும் அதே கேள்வி, அதே குரலில். பட்டுப்புடவைக் கொசுவத்தை ஒரு கை ஏற்கெனவே பிடித்திருந்தது. இறங்கச் சொன்னால் இறங்கிவிடுவாள்.

“தள்ள வேண்டாங் கண்ணு. டயர் கொஞ்சம்... மாட்டு வண்டி டயரு. வேகமாப் போக முடியாது.”

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. உதட்டுக்குப் பூசியிருந்ததைக் காப்பாற்றுவதற்காக இருக்கலாம். “ஆறு மணிக்குத்தான அங்க இருக்கோணும்? போலாங்ப்பா.”

“எடை தாங்குமுங்களா?” என்று சம்பந்தியைக் கேட்டேன்.

“எடைக்கென்னங்க, ஒரு வண்டித் தேங்காய் தாங்கும். வேகத்துக்குத்தான் செஞ்சதில்லீங்க. காளை ஓடற வேகத்துக்கு மேல போகாதீங்க.”

“காளை எத்தனை வேகத்துலீங்க ஓடும்?”

“அது காளையைப் பொறுத்துங்க” என்றவர், தன் காரை யாரிடமோ கொடுத்துவிட்டு என் பக்கத்து சீட்டில் ஏறினார். “நான் பாத்துச் சொல்றேன். நீங்க ஓட்டுங்க.”

எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. புறப்பட்டோம்.

அந்த ஒன்றேகால் மணி நேரத்தைப் போல் ஒன்றை நான் அதற்கு முன்னும் பின்னும் அனுபவித்ததில்லை. சங்கனூர் வழியாகப் போய் மேட்டுப்பாளையம் ரோட்டைப் பிடித்தோம். எத்தனையோ ஆயிரம் தடவை போன ரோடு அது, அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒரு வார்ப்படக் கூடத்தின் வாசலில் கறுப்பு மண் குவியலில் ஒரு நாய் தன் உருவத்தைப் பதித்துவிட்டு எழுந்து போனது. தையல் கடையில் ஒரு பெண் ஊசியில் நூல் கோத்து முடிக்கும் வரைக்கும் எங்களுக்கு அந்தக் கடையைத் தாண்ட நேரம் பிடித்தது. சலங்கை ஜல் ஜல்லென்றது. பால்கேன் கட்டிய மொபெட் ஒன்று எங்களை முந்தியது. பிறகு ஒரு சைக்கிள். சைக்கிள்காரர் முந்தும்போது, “வாரேனுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேகம் கூடும்போதெல்லாம் சம்பந்தி கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல், நாக்கை மடித்து, “ஹோ, ஹோ” என்றார். தோட்டத்தில் காளையை அடக்கும் சத்தம். அவருக்கே தெரியாமல் வந்தது என்று நினைக்கிறேன். விசித்திரம் என்னவென்றால், கார் அடங்கியது.

மேம்பாலங்களில் ஏறாமல் கீழேயே போனோம். துடியலூர் தாண்டியதும் இடப்பக்கம் மலை வந்து எங்களோடு சேர்ந்துகொண்டது. வெயில் அதன் முதுகை நோக்கி இறங்கி, ரோட்டில் போகிற எல்லாவற்றின் நிழலையும் நீட்டிவைத்தது. எங்கள் காரின் நிழல் வலப்பக்கம் கடைகளின் சுவர்களில் ஏறி இறங்கிப் பக்கவாட்டில் வந்துகொண்டே இருந்தது. கனவில் டயர்கள் உருண்டு இறங்கி வந்தது இந்த மலையிலிருந்துதான். இப்போது அவற்றில் நாலு அதே வழியில் திரும்பிப் போகின்றன. கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் ஏழு கார்கள், விளக்கைச் சிமிட்டிக்கொண்டு, மாட்டு வண்டி வேகத்தில். ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை.

பெரியநாயக்கன்பாளையத்தை நெருங்கும்போது எஞ்சின் ஒரு முறை விக்கியது. இரண்டாவது முறையும் விக்கியது. கதவுப் பிடியில் மகளின் வளையல் சத்தம் கேட்குமென்று காதைத் தீட்டிக்கொண்டேன். சம்பந்தி டாஷ்போர்டை இரண்டு தட்டு தட்டி, மாட்டிடம் பேசுவது போல மெல்ல, “போ சாமி, போ. வந்தாச்சு” என்றார். எஞ்சின் ஒரு பெருமூச்சு விட்டு, மறுபடி ஓட ஆரம்பித்தது.

பின்னால் சத்தமே இல்லை. கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தேன். மகள் அம்மாவின் தோளில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. சின்ன வயதிலும் அப்படித்தான். வண்டி ஓடினால் இரண்டாவது நிமிடம் தூங்கிவிடுவாள். வண்டி ஓடிய நாட்கள் குறைவு என்பதால் நான் அதை அதிகம் பார்த்ததில்லை.

மண்டபம் தெரிந்தது. வாசலில் வாழைமரம், நாதஸ்வரம், ஆரத்தித் தட்டோடு பெண்கள். கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்தரை கூட ஆகவில்லை.

“ஏனுங்க, எழுப்பட்டுங்களா?” என்றாள் மனைவி மெதுவாக.

வாசல் நெருங்கியது. தவில்காரர் கையை ஓங்கினார். நான் பிரேக்கை மிதிக்காமல், அவர்களைத் தாண்டி, மண்டபத்துக்கு அடுத்த சந்தில் இடப்பக்கம் திரும்பினேன். அந்தச் சந்து மண்டபத்தைச் சுற்றி மறுபடி மெயின் ரோட்டுக்கே வரும்.

சம்பந்தி என்னைப் பார்த்தார். பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு நேராக உட்கார்ந்துகொண்டார். மனைவி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கண்ணாடியில் ஏழு கார்களும் ஒன்றன்பின் ஒன்றாக, விளக்கைச் சிமிட்டிக்கொண்டு, எனக்குப் பின்னாலேயே சந்துக்குள் திரும்பின. ஆரத்தித் தட்டோடு நின்றவர்கள் தட்டை இறக்காமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சந்தின் பாதியில், கண்ணைத் திறக்காமலே, “வந்துருச்சாங்ப்பா?” என்றாள்.

“இன்னும் கொஞ்ச தூரம் கண்ணு.”

“நான் எறங்கோணுமா?”

“வேண்டாஞ் சாமி. தூங்கு.”

சம்பந்தி மிக மெதுவாக, எஞ்சினுக்கு மட்டும் கேட்கும்படி, “ஹோ, ஹோ” என்றார்.